டெக்சாஸ் படைவீரர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாலஸ், ஆஸ்டின், ஹூஸ்டன் பக்கம் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ வந்து தங்குகிற பெற்றோர், காரில் போகும்போது பலகைகளை வாசித்துக்கொண்டே வருவார்கள். "யார் இந்த ஆள்? பள்ளிக்கூடத்துக்கும் இவர் பேர், ஆஸ்பத்திரிக்கும் இவர் பேரா?" என்று கேட்பார்கள். இப்படி என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். முழுப் பட்டியல் கிடையாது. எனக்குப் பிடித்தவர்களைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லியிருப்பேன்.

டெக்சாஸ்காரர்களில் வெளியுலகத்துக்கு அதிகம் தெரிந்த ராணுவப் பெயர் எது?

செஸ்டர் நிமிட்ஸ். சென்னைக்காரர்களுக்கு இந்தப் பெயர் புதிதில்லை. 2007 ஜூலையில் யுஎஸ்எஸ் நிமிட்ஸ் என்ற அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பல் சென்னைக்கு அப்பால் கடலில் நங்கூரம் போட்டபோது, அதை உள்ளே விடலாமா கூடாதா என்று பெரிய சண்டையே நடந்தது. இடதுசாரிகளும் அதிமுகவும் எதிர்த்தார்கள்.

அந்தக் கப்பலுக்குப் பெயர் தந்தவர் 1885-இல் ஃப்ரெடரிக்ஸ்பர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். ஜெர்மானியர்கள் குடியேறிய மலைநாட்டு ஊர். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கிருந்து பல மணி நேரம் பயணம் போக வேண்டும். அவர் பிறப்பதற்கு முன்பே அப்பா இறந்துவிட்டார். வளர்ப்பில் பெரும்பங்கு தாத்தாவுக்கு. தாத்தா பழைய வணிகக் கப்பல் மாலுமி. தரையில் குடியேறிய பிறகும் ஆசை விடவில்லை போலிருக்கிறது, தன் ஹோட்டலின் முகப்பையே நீராவிக் கப்பல் மாதிரி கட்டி வைத்தார்.

பேரனுக்கோ தரைப்படை அதிகாரி ஆகத்தான் ஆசை. வெஸ்ட் பாயின்ட்டில் அந்த வருடம் இடமில்லை என்றதால் அனாபொலிஸ் கடற்படைக் கழகத்துக்குப் பரீட்சை எழுதிச் சேர்ந்தார். 1941 கடைசி நாளில் பசிபிக் கடற்படையின் தலைமை அவர் கைக்கு வந்தது. பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பதவியேற்பு நடந்தது கிரேலிங் என்ற நீர்மூழ்கியின் மேல்தளத்தில். ஆறு மாதத்துக்குள் மிட்வே போரில் ஜப்பானின் நான்கு விமானந்தாங்கிகள் மூழ்கின. 1945 செப்டம்பர் 2-இல் மிசௌரி கப்பலில் ஜப்பான் சரணடைந்தபோது, அமெரிக்காவின் சார்பில் கையெழுத்துப் போட்டவர் இவர்.

ஒரு கப்பலைத் தரை தட்ட விட்டவர் எப்படி அட்மிரல் ஆனார்?

நியாயமான கேள்விதான். 1908-இல் பிலிப்பைன்ஸில், இருபத்து மூன்று வயதில், டெகேட்டர் என்ற சிறிய போர்க்கப்பலை நிமிட்ஸ் பொறுப்பில் விட்டிருந்தார்கள். பட்டாங்காஸ் அருகே சேற்றுத் திட்டில் ஏற்றிவிட்டார். இருட்டில் வேறு வழி தெரியாமல் மேல்தளத்தில் கட்டிலைப் போட்டுப் படுத்துத் தூங்கிவிட்டார். மறுநாள் காலையில் அந்தப் பக்கம் வந்த கப்பல் ஒன்று இழுத்துவிட்டது. ராணுவ நீதிமன்றம் விசாரித்துக் கண்டனக் கடிதம் கொடுத்தது. அதோடு விட்டுவிட்டார்கள்.

அப்புறம் அவர் நீர்மூழ்கிகளுக்கும் டீசல் எஞ்சினுக்கும் போனார். ஒருமுறை பார்வையாளர்களுக்கு எஞ்சினை விளக்கும்போது கையுறை பற்சக்கரத்தில் சிக்கி ஒரு விரலின் பகுதி போய்விட்டது. அனாபொலிஸ் மோதிரம் தடுத்ததால் மிச்சக் கை தப்பியது. கடற்படை அன்றைக்கே இந்த இளைஞனை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன். இன்றைய கம்பெனிகளில் இப்படிப் பொறுப்பார்களா தெரியவில்லை.

நிமிட்ஸுக்கு இந்தியாவோடு தொடர்பு உண்டு என்கிறார்களே?

உண்டு, நிறையப் பேருக்குத் தெரியாது. 1949-இல் காஷ்மீரில் பொதுவாக்கெடுப்பு நடத்தும் அதிகாரியாக ஐ.நா. நியமித்தது இவரைத்தான். படைகளை விலக்குவதில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒத்துப்போகவில்லை. வாக்கெடுப்பும் நடக்கவில்லை. ஜப்பானை மடக்கியவருக்கு இந்த வேலை மட்டும் தொடங்கவே இல்லை.

டோரிஸ் மில்லர் என்பவர் பெண்ணா?

ஆண்தான். ஆறடிக்கு மேல் உயரம், கப்பலில் குத்துச்சண்டை சாம்பியன். பெண் குழந்தைதான் பிறக்கும் என்று நம்பிய மருத்துவச்சி முன்கூட்டியே வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டதாகச் சொல்வார்கள். 1919-இல் வேக்கோ ஊரில், நிலத்தில் பாடுபட்ட கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார்.

கடற்படையில் அன்றைக்குக் கறுப்பர்களுக்குக் கிடைத்ததெல்லாம் மெஸ் வேலை: அதிகாரிகளுக்குப் பரிமாறுவது, படுக்கை தட்டுவது, ஷூவுக்குப் பாலிஷ் போடுவது. பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட 1941 டிசம்பர் 7 காலையில், அங்கே நின்ற வெஸ்ட் வர்ஜீனியா கப்பலில் அவர் அழுக்குத் துணி சேகரித்துக்கொண்டிருந்தார். அபாயச் சங்கு ஊதியதும் தன் இடத்துக்கு ஓடினார். அந்த இடத்தை ஏற்கெனவே டார்பிடோ நொறுக்கியிருந்தது. ஆள் பலசாலி என்பதால் மேலே கூப்பிட்டார்கள். அடிபட்ட கேப்டனைத் தூக்க உதவினார். பிறகு ஒரு விமான எதிர்ப்பு எந்திரத் துப்பாக்கிக்குத் தோட்டா போடச் சொன்னார்கள். அவரோ தானே பிடித்துச் சுட ஆரம்பித்துவிட்டார். அந்தத் துப்பாக்கியில் அவருக்குப் பயிற்சியே கிடையாது. தோட்டா தீரும்வரை சுட்டார்.

முதலில் வந்த செய்திகளில் அவருக்குப் பெயர்கூட இல்லை, "கறுப்பின மெஸ் ஆள் ஒருவர்" என்றுதான் இருந்தது. கறுப்பினப் பத்திரிகைகள் விடாமல் கேட்ட பிறகுதான் 1942 மார்ச்சில் பெயர் வெளியே வந்தது. அந்த மே மாதம் 27-ஆம் தேதி, பேர்ல் ஹார்பரில் என்டர்பிரைஸ் கப்பலின் தளத்தில் நேவி கிராஸ் பதக்கத்தை மில்லரின் சட்டையில் குத்தியவர் நிமிட்ஸ். மிட்வே போருக்கு ஒரு வாரம் முன்பு எதிரெதிரே நின்ற இரண்டு டெக்சாஸ்காரர்கள். ஒருவர் அட்மிரல், மற்றவர் பரிமாறுகிறவர். 1943 நவம்பரில், லிஸ்கம் பே கப்பலை ஜப்பானிய நீர்மூழ்கி தகர்த்தபோது மில்லர் இறந்தார். வயது இருபத்து நான்கு.

2020-இல் ஓர் அறிவிப்பு வந்தது: புதிதாகக் கட்டப்படும் விமானந்தாங்கிக் கப்பலுக்கு யுஎஸ்எஸ் டோரிஸ் மில்லர் என்று பெயர். அதிகாரியாக இல்லாத ஒரு மாலுமியின் பெயரை, ஒரு கறுப்பரின் பெயரை, இந்த வகைக் கப்பலுக்கு வைப்பது இதுதான் முதல் தடவை. அன்றைக்குப் பதக்கம் குத்தியவருக்கும் ஒரு கப்பல், குத்திக்கொண்டவருக்கும் ஒரு கப்பல். ஆனால் நாட்டின் மிக உயர்ந்த விருதான மெடல் ஆஃப் ஆனர் மட்டும் மில்லருக்கு இன்னும் கிடைக்கவில்லை. கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

ஆடி மர்ஃபி நடிகரா, சிப்பாயா?

இரண்டும். டாலஸுக்கு வடகிழக்கே ஹன்ட் மாவட்டம் முழுக்கக் கரிசல் மண், ஒரு காலத்தில் பருத்திக்குப் பேர் போனது. அங்கே விளைச்சலில் பங்குக்குப் பயிரிடும் குடும்பத்தில் பன்னிரண்டு பிள்ளைகளில் ஒருவர். அப்பா விட்டுவிட்டுப் போய்விட்டார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. கூலிக்குப் பருத்தி எடுத்தார். முயல், அணில் வேட்டையாடிக் கொண்டுவந்தால்தான் வீட்டில் கறி. தோட்டா காசு கொடுத்து வாங்குவது, குறி தப்பக் கூடாது. அவருடைய குறி அங்கே பழகியதுதான்.

1941-இல் அம்மாவும் போனார். போர் வந்ததும் படையில் சேரப் போனால், ஆள் பொடியாக இருக்கிறான் என்று மரைன்களும் பாராசூட் படையும் திருப்பி அனுப்பின. ஐந்தடி ஐந்தரை அங்குலம், எடை ஐம்பது கிலோ. வயதும் போதாது. அக்கா ஒரு வயதுக் கூடுதலாக எழுதிக் கொடுத்துத் தரைப்படையில் சேர்த்துவிட்டார். அதனால்தான் பிறந்த வருடம் சில இடத்தில் 1924 என்றும் சில இடத்தில் 1925 என்றும் இருக்கும். கல்லறையில்கூட அக்காவின் கணக்குதான்.

1945 ஜனவரி 26. பிரான்சின் ஹோல்ட்ஸ்விர் கிராமத்துப் பக்கம், தரையெல்லாம் பனி. ஆறு ஜெர்மன் டாங்கிகளும் பின்னால் காலாட்படையும் வருகின்றன. மர்ஃபி தன் ஆட்களைக் காட்டுக்குள் பின்வாங்கச் சொல்லிவிட்டு, தான் மட்டும் டெலிபோனோடு நின்று பீரங்கிகளுக்கு இலக்கு சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அமெரிக்க டாங்கி அழிப்பு வண்டி ஒன்று தீப்பற்றி எரிந்தது. உள்ளே எண்ணெயும் வெடிமருந்தும் இருக்கின்றன, எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும். அதன் மேல் ஏறி, அதிலிருந்த எந்திரத் துப்பாக்கியால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் எதிரிகளைத் தடுத்தார். காலில் காயம் பட்டும் இறங்கவில்லை. வயது பத்தொன்பது.

மெடல் ஆஃப் ஆனர் கிடைத்தது, லைஃப் பத்திரிகையின் அட்டையில் படம் வந்தது, ஹாலிவுட் கூப்பிட்டது. நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள். 1955-இல் தன் வாழ்க்கைக் கதையில் தானே நடித்தார்.

போருக்குப் பின் அவர் நன்றாக இருந்தாரா?

இல்லை. தலையணைக்கடியில் குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கி இல்லாமல் தூக்கம் வராது. தூக்க மாத்திரைக்கு அடிமையாகி, ஒரு ஹோட்டல் அறையில் தன்னைத்தானே ஒரு வாரம் பூட்டிக்கொண்டு அதை விட்டார். அந்தக் காலத்தில் ஆண்கள் வெளியே சொல்லாத விஷயம் இது. அவர் சொன்னார். கொரியாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் திரும்பியவர்களுக்கு மனநல உதவி வேண்டும் என்று அரசாங்கத்தை வலியுறுத்தினார். பணமுடை இருந்தும் மது, சிகரெட் விளம்பரங்களில் நடிக்க மறுத்தார், பிள்ளைகள் பார்ப்பார்கள் என்று. எரியும் வண்டிமேல் ஏறியதைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 1971-இல் வர்ஜீனியாவில் விமான விபத்தில் இறந்தார்.

அலமோவில் இறந்தவர்கள் எல்லாம் டெக்சாஸ்காரர்கள்தானே?

1836-இல் மெக்சிகோவிடமிருந்து டெக்சாஸைப் பிரிக்கப் போராடியவர்கள், சான் அன்டோனியோவின் அலமோ கோட்டையில் மெக்சிகோ படையிடம் மடிந்தார்கள். அவர்களில் ரொம்பப் பிரபலமான மூவரில் ஒருவரும் டெக்சாஸில் பிறந்தவரில்லை. டிராவிஸ் சவுத் கரோலினா, க்ராக்கெட் டென்னசி, போவி கென்டகி. 1836 ஏப்ரல் 21-இல் சான் ஜசின்டோவில் பதினெட்டே நிமிடத்தில் மெக்சிகோ படையை முறியடித்த சாம் ஹூஸ்டன் வர்ஜீனியாக்காரர்.

உண்மையில் மண்ணின் மைந்தர் ஹுவான் செகின். சான் அன்டோனியோவில் பிறந்தவர். அலமோவுக்குள் இருந்தார், உதவி கேட்டுத் தூது போனதால் உயிர் தப்பினார், சான் ஜசின்டோவில் போரிட்டார். சில ஆண்டுகளில் புதிதாக வந்து குவிந்தவர்கள் அவரையே துரோகி என்று சொல்லி மெக்சிகோவுக்கு ஓட வைத்தார்கள். சுற்றுலா வழிகாட்டிகள் இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடுவார்கள். மெக்சிகோ அடிமைமுறையை ஒழித்திருந்ததும், வந்தேறிய வெள்ளையர்கள் அதை விடத் தயாராக இல்லாததும் அந்தப் போரின் ஒரு காரணம். அதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மெக்சிகோ வம்சாவளி வீரர்கள் வேறு யார்?

நிறைய. மக்காரியோ கார்சியா மெக்சிகோவில் பிறந்து, சுகர்லேண்ட் பக்கம் பருத்திக்காட்டில் வளர்ந்தவர். 1944 நவம்பரில் ஜெர்மனியில் காயத்தோடு தவழ்ந்துபோய் இரண்டு எந்திரத் துப்பாக்கி நிலைகளைத் தனியாளாக அழித்தார். 1945 ஆகஸ்டில் வெள்ளை மாளிகையில் மெடல் ஆஃப் ஆனர் வாங்கினார். அடுத்த மாதமே, சொந்த ஊருக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தில், மெக்சிகோக்காரனுக்குச் சாப்பாடு கிடையாது என்றார்கள். கைகலப்பு ஆயிற்று. வழக்கு யார்மேல்? கார்சியா மேல். இழுத்தடித்துக் கடைசியில் ஒன்றுமில்லாமல் போனது. அப்போது அவர் அமெரிக்கக் குடிமகன்கூட இல்லை. 1947-இல்தான் ஆனார்.

ஃபீலிக்ஸ் லொங்கோரியாவுக்குச் செத்த பிறகு இந்த அவமானம். பிலிப்பைன்ஸில் உயிர்விட்டவர். 1949-இல் உடல் த்ரீ ரிவர்ஸ் ஊருக்கு வந்தபோது, அங்கே இருந்த இறுதிச் சடங்குக் கூடத்தைத் தர மறுத்துவிட்டார்கள், வெள்ளையர்களுக்குப் பிடிக்காது என்று. செனட்டராக இருந்த லிண்டன் ஜான்சன் தலையிட்டு ஆர்லிங்டனில் அரசு மரியாதையோடு அடக்கம் செய்ய ஏற்பாடு செய்தார்.

ராய் பெனவிடஸ் உடம்பில் முப்பத்தேழு காயம் என்பது உண்மையா?

உண்மைதான். அவர் கதை மிகைப்படுத்தியது போலத்தான் இருக்கும். கியூரோ ஊர்ப் பக்கம் பிறந்த அநாதைப் பையன், பள்ளியைப் பாதியில் விட்டவர், இவரும் பருத்தி எடுத்தவர். 1965-இல் வியட்நாமில் கண்ணிவெடியை மிதித்தார். இனி நடக்க முடியாது என்றார்கள் டாக்டர்கள். சான் அன்டோனியோ ராணுவ மருத்துவமனையில் இரவு நேரத்தில், யாருக்கும் தெரியாமல், கட்டிலிலிருந்து கீழே உருண்டு, முழங்கையாலும் மோவாயாலும் சுவர்வரை ஊர்ந்துபோய், சுவரைப் பிடித்து நிற்கப் பழகினார். 1966-இல் நடந்தே வெளியேறினார். திரும்ப வியட்நாமுக்குப் போனார்.

1968 மே 2. லோக் நின் அருகே பன்னிரண்டு பேர் கொண்ட குழு சுற்றிவளைக்கப்பட்டிருந்தது. கையில் ஒரு கத்தியும் மருந்துப் பையுமாக ஹெலிகாப்டரிலிருந்து குதித்தார். ஆறு மணி நேரம் அடிபட்டவர்களை இழுத்துச் சேர்த்தார். தூக்கிப்போக வந்த முதல் ஹெலிகாப்டர் விழுந்தது. திரும்பவும் ஆரம்பித்தார். குறைந்தது எட்டுப் பேர் பிழைத்தார்கள். இவர் செத்துவிட்டார் என்று நினைத்துப் பிணப்பையில் போட்டு ஜிப்பை இழுக்கப் போனார்கள். பேச முடியவில்லை, கண்ணைத் திறக்க முடியவில்லை. டாக்டர் முகத்தில் எச்சிலைத் துப்பினார். உயிர் இருக்கிறது என்று காட்ட அது ஒன்றுதான் மிச்சம்.

பிறகு ஏன் விருதுக்குப் பதின்மூன்று வருடம்?

கண்ணால் கண்ட சாட்சி வேண்டும் என்பது விதி. எல்லாரும் இறந்துவிட்டார்கள் என்று நினைத்திருந்தார் பெனவிடஸ். அந்தக் குழுவின் வயர்லெஸ்காரரோ ஃபிஜித் தீவில் வாழ்ந்துகொண்டிருந்தார். ஆஸ்திரேலியாவுக்கு விடுமுறைக்குப் போனவர், அங்கே செய்தித்தாளில் தற்செயலாக பெனவிடஸைப் பற்றிப் படித்துவிட்டுப் பத்துப் பக்கம் சாட்சியம் எழுதி அனுப்பினார். 1981-இல் அதிபர் ரீகன் மெடல் ஆஃப் ஆனர் அணிவித்தார். இரண்டே வருடத்தில், "நீர் வேலை செய்யக்கூடியவர்தான்" என்று சொல்லி அவருடைய ஊன உதவித்தொகையை நிறுத்தப் பார்த்தார்கள். இருதயத்துக்குப் பக்கத்தில் குண்டுத் துண்டுகளோடு வாஷிங்டன் போய் நாடாளுமன்றக் குழு முன்பு வாதாடினார், தனக்கு மட்டுமில்லாமல் அப்படி வெட்டப்பட்ட மற்றவர்களுக்காகவும்.

பெண்கள்?

ஒவெட்டா கல்ப் ஹாபி, கிலீன் ஊர்க்காரர். 1942-இல் தொடங்கிய மகளிர் ராணுவப் பிரிவின் முதல் தலைவர். பின்னாளில் அமைச்சரும் ஆனார்.

ஸ்வீட்வாட்டர் என்ற காய்ந்த ஊரில் அவெஞ்சர் விமானத்தளம் இருந்தது. வாஸ்ப் என்ற பெண் விமானிகள் பயிற்சி பெற்றது அங்கேதான். இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் விண்ணப்பித்து, 1,074 பேர் தேறினார்கள். தொழிற்சாலையிலிருந்து போர் விமானங்களை ஓட்டிக்கொண்டுபோய்ச் சேர்ப்பது, பழுது பார்த்த விமானத்தை முதலில் ஓட்டிப் பார்ப்பது, இலக்குத் துணியை வாலில் கட்டிப் பறந்து மற்றவர்கள் சுடக் காட்டுவது எல்லாம் இவர்கள் வேலை. முப்பத்தெட்டுப் பேர் இறந்தார்கள். கணக்கில் சிப்பாய்கள் இல்லை என்பதால் சவப்பெட்டிக்குக்கூட ராணுவம் பணம் தராது. கூட இருந்த பெண்கள் காசு சேர்த்து ஊருக்கு அனுப்பினார்கள். படைவீரர் என்ற அந்தஸ்து 1977-இல்தான் கிடைத்தது.

ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துக்கும் ராணுவத்துக்கும் என்ன சம்பந்தம்?

நம் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கும் இடம், அதனால் இந்தக் கேள்வி வரும். நீண்ட காலம் அது ராணுவப் பயிற்சியோடு கூடிய ஆண்கள் கல்லூரி. இரண்டாம் உலகப் போருக்கு இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அனுப்பியது. அங்கே படித்த ஏர்ல் ரட்டர்தான் 1944 ஜூன் 6-இல் நார்மண்டியின் பாயின்ட் டு ஹாக் செங்குத்துப் பாறையில் ரேஞ்சர் என்ற அதிரடிப் படையினர் 225 பேரை ஏற்றியவர். நனைந்த கயிறு, மேலிருந்து சுடுகிறார்கள். ஏறிப் பார்த்தால் பீரங்கிகள் அங்கே இல்லை. உள்ளே தோப்பில் ஒளித்து வைத்திருந்தவற்றைத் தேடிக் கண்டுபிடித்து அழித்தார்கள். இரண்டு நாள் கழித்துச் சண்டைபோடும் நிலையில் இருந்தவர்கள் ஏறக்குறைய 90 பேர். அதே ரட்டர் பின்னால் பல்கலைக்கழகத் தலைவராகி, பழைய மாணவர்களின் கூச்சலை மீறிப் பெண்களைச் சேர்த்தார், ராணுவப் பயிற்சியைக் கட்டாயமில்லை என்றாக்கினார். பாறை ஏறியதைவிட இது கடினமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

கிலீன் பக்கத்து ராணுவத் தளத்தின் பெயர் எது? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

1942-இலிருந்து ஹூட். அடிமைமுறைக்காகப் போரிட்ட தென்மாநிலத் தளபதி ஜான் பெல் ஹூட் பெயர். 2023-இல் ஃபோர்ட் கவாஸோஸ் ஆயிற்று. ரிச்சர்ட் கவாஸோஸ் கிங்ஸ்வில்லில் பிறந்தவர், கிங் பண்ணை மேற்பார்வையாளரின் மகன், நான்கு நட்சத்திர ஜெனரல் ஆன முதல் ஹிஸ்பானியர். 2025 ஜனவரியில், கொரியப் போரில் அவர் செய்ததற்காக, மறைவுக்குப் பின் மெடல் ஆஃப் ஆனர் கொடுத்தார்கள். அதே வருடம் தளத்திலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டு மறுபடி ஹூட் என்றார்கள். கேட்டால் இது வேறு ஹூட், முதல் உலகப் போரில் விருது வாங்கிய ராபர்ட் ஹூட் என்கிறார்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம்.

ஐசனோவர் டெக்சாஸ்காரரா?

இரண்டாம் உலகப் போர்த் தளபதி, பின்னாளில் அமெரிக்க அதிபர். டெனிசனில் பிறந்தார், கைக்குழந்தையாக இருக்கும்போதே கேன்சஸுக்குப் போய்விட்டார்கள். டெக்சாஸ் விடுமா? பிறந்த வீட்டை நினைவிடமாக்கிவிட்டார்கள்.

எங்கே போய்ப் பார்க்கலாம்?

ஒரே ஓர் இடம் என்றால் ஃப்ரெடரிக்ஸ்பர்க். நிமிட்ஸ் தாத்தாவின் ஹோட்டல் இன்று பசிபிக் போர் தேசிய அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. பின்னால் ஜப்பான் அன்பளிப்பாகக் கொடுத்த தோட்டம் இருக்கிறது, அதில் ஜப்பானியக் கடற்படைத் தளபதியாக இருந்த அட்மிரல் டோகோவின் படிப்பறை மாதிரி ஒன்று. இளம் வயதில் டோகோவை நேரில் சந்தித்த நிமிட்ஸ், போருக்குப் பின் அவருடைய கப்பலான மிகாசாவைச் செப்பனிடப் பணம் திரட்ட உதவினார். அதற்கு ஜப்பான் காட்டிய நன்றி அந்தத் தோட்டம்.

டாலஸில் இருப்பவர்களுக்கு கிரீன்வில் பக்கம். ஆடி மர்ஃபிக்கும் பருத்திக்கும் சேர்த்து ஒரே கட்டடத்தில் அருங்காட்சியகம். வேக்கோவில் பிராசோஸ் ஆற்றங்கரையில் மில்லர் நினைவிடம். ஃப்ரெடரிக்ஸ்பர்க்குக்கு மே கடைசியிலிருந்து ஜூலைக்குள் போனால் வழியெல்லாம் பீச் பழக் கடைகள் போட்டிருப்பார்கள். ஒரு கூடை வாங்கி டிக்கியில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், அந்த வெயிலுக்கு வீடு வருவதற்குள் குழைந்துவிடும்.